அசினு கோயிலில் முழந்தாளிட்டிருக்கும் அந்தப் பெண் யார்? (சைப்ரஸ், பிரெஞ்சுக்காரர், கிரேக்கர்)

மாந்தைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மன்னார்ப் பக்கம், பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். சைப்ரஸில் நிக்கோசியாவில் ஒரு வயதான கிரேக்க அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை, வந்து நாலு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பூசைக்குப் போவேன், அம்மா தன் ஓர்த்தடாக்ஸ் கோயிலுக்குப் போவார். இதில் எங்களுக்குள் ஒருநாளும் பிரச்சினை வந்ததில்லை.

இந்த ஆகஸ்ட் 15 அன்று அம்மாவின் மகன் எங்கள் இருவரையும் காரில் ஏற்றி அசினு என்ற இடத்திலுள்ள மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ட்ரோடோஸ் மலையின் அடிவாரம், சுற்றிலும் மரங்கள். அன்று எங்கள் மடுத் திருவிழா நாள் என்பதால் எனக்கு விடியற்காலையிலிருந்தே மனம் ஊரில்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கோயில் என்றே தெரியாது, ஓட்டுக்கூரை போட்ட களஞ்சியம் மாதிரிச் சின்னதாக இருக்கிறது. உள்ளே காலை வைத்தால் ஒரு சாண் சுவர்கூட வெறுமையாக இல்லை. மேற்குச் சுவரில் மாதா படுத்திருக்கிறார், சுற்றி அப்போஸ்தலர்கள் அழுகிறார்கள், நடுவில் இயேசு நின்றுகொண்டு துணி சுற்றிய ஒரு குழந்தையைக் கையில் வைத்திருக்கிறார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, அது குழந்தை இல்லை, மாதாவின் ஆன்மா என்று சொன்னார். மகன் பெற்றவளைக் கையில் ஏந்தியிருக்கிற அந்தப் படத்தை விட்டு நகர எனக்கு வெகுநேரம் பிடித்தது.

ஆனால் என் கேள்வி முன்மண்டபத்தில் உள்ள இன்னொரு படத்தைப் பற்றியது. மாதா தன் மேலங்கியை விரித்து நிற்கிறார். கீழே ஒரு பெண்ணும் அவள் வீட்டாரும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். உடுப்பு மற்றக் கிரேக்கப் பெண்களின் உடுப்பு மாதிரி இல்லை. அம்மாவிடம் கேட்டேன், "ஃபிராங்கி" என்றார். எங்கள் ஆட்கள் இல்லை, அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் என்று மகன் விளக்கினார்.

பூசை முடிந்தபோது சுவாமியார் எனக்கு நற்கருணை தரமுடியாது என்று அன்பாகவே சொல்லி, பிறகு எல்லோருக்கும் கொடுக்கும் ஆசீர்வதித்த அப்பத்தில் ஒரு துண்டு தந்தார். நல்ல புளித்த மாவில் செய்தது, எங்கள் ஊர்ப் பாண் போல மெத்தென்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசித்தேன். கும்பிடுவது ஒரே கடவுளை, மாதாவும் அதே மாதா, திருவிழாவும் ஒரே நாள். நான் நற்கருணை வாங்க முடியாத கோயிலின் சுவரில் எழுநூறு வருடத்துக்கு முன்னால் என்னைப் போன்ற ஒரு கத்தோலிக்கப் பெண் எப்படி இடம் பிடித்தாள்? சண்டை என்றால் முழுச் சண்டையாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் படம், சிற்பம் எல்லாம் பழகிக்கொண்டார்களா? இன்னொன்று, இங்கே எந்தக் கோயிலிலும் ஒரு சுரூபம் (சிலை)கூட இல்லை, எல்லாம் படம்தான். அது ஏன்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

சாந்தோம்_சேவியர்:

சகோதரி, நல்ல கேள்வி. முதலில் அந்த அம்மா சொன்ன சொல்லையே எடுத்துக்கொள்வோம். "ஃபிராங்க்" என்பதுதான் அரபு, பாரசீக வாய்களில் உருண்டு புரண்டு நம் ஊருக்கு வந்தபோது "பறங்கி" ஆனது. நமக்குப் பறங்கி என்றால் போர்த்துக்கீசியர். கிரேக்கர்களுக்கு அதற்கு முந்நூறு வருடம் முன்பே, ரோமாபுரிப் போப்பின் பக்கம் நிற்கிற மேற்கத்தியர் எல்லோருமே ஃபிராங்க். சைப்ரஸில் மட்டும் அந்தப் பெயர் கிட்டத்தட்ட சரியாகவே பொருந்தியது, ஏனென்றால் அங்கே ஆண்டவர்கள் உண்மையிலேயே பிரெஞ்சுக்காரர்கள்.

நடந்தது இது. 1191-இல் சிலுவைப்போருக்குப் போகிற வழியில் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் சைப்ரஸைப் பிடித்தார். தீவைக் கோயில்வீரர் என்ற போர்த்துறவியர் சபைக்கு விற்றார், அவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1192-இல் எருசலேமை இழந்து நின்ற கீ தெ லூசின்யான் கைக்கு அது வந்தது. பிரான்சின் புவாத்து நாட்டுக் குடும்பம். அந்த வம்சம் 1489-இல் வெனிஸ்காரர்களிடம் தீவு போகும்வரை, ஏறக்குறைய 300 வருடம் ஆண்டது. மேலே பிரெஞ்சு பேசும் அரசர், பிரபுக்கள், இலத்தீன் (அதாவது கத்தோலிக்க) ஆயர்கள், மடத்துத் துறவிகள். கீழே கிரேக்கம் பேசும் ஓர்த்தடாக்ஸ் மக்கள், அவர்கள்தான் பெரும்பான்மை. நீங்கள் பார்த்த பெண் இந்த முந்நூறு வருடத்துக்குள் வந்தவள்.

அசினு கோயில் அதற்கும் மூத்தது. உட்பகுதி ஓவியங்களில் மிகப் பழையவை 1105-06-ஐச் சேர்ந்தவை, கட்டியவர் நிக்கெஃபோரோஸ் என்ற பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) அதிகாரி. பிரெஞ்சுக்காரர் வாசனையே இல்லாத காலம். நீங்கள் பார்த்த, மாதா படுத்திருக்கும் படம், "மாதாவின் உறக்கம்", அப்போது எழுதியது. முன்மண்டபம் பிறகு சேர்த்தது, அங்கே 1332-33-இல் எழுதியதாகவே கல்வெட்டு மாதிரி ஒரு வாசகம் உண்டு. மறுபடி போனால் அந்த மண்டபத்து வளைவுக்குக் கீழே பாருங்கள், கட்டிப்போட்ட இரண்டு வேட்டை நாய்கள் இருக்கும். பிரபுக்களின் வேட்டைப் பழக்கத்தோடு உள்ளே வந்த நாய்கள் அவை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அப்புறம் உங்கள் அடிப்படைக் கேள்வி. ஒரே கடவுள் என்பதில் இரு தரப்புக்கும் எள்ளளவும் கருத்து வேறுபாடு கிடையாது. பெரிய விசுவாச அறிக்கையை "ஒரே கடவுளை" என்றுதான் இருவரும் தொடங்குவார்கள். தகராறு உள்ளே வருகிறது. தூய ஆவியார் பற்றிய வரி வரும்போது நாம் பூசையில் "தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்தும்" புறப்படுகிறவர் என்கிறோமே, அதில் "மகனிடமிருந்தும்" என்ற ஒரு சொல் கிரேக்கரிடம் கிடையாது. 381-இல் கான்ஸ்டான்டினோபிளில் ஏற்ற மூல வாசகத்திலும் கிடையாது. மேற்கே அதைச் சேர்த்துப் பாடுவதில் முன்னால் நின்றவர்களும் ஃபிராங்குகள்தான், ஃபிராங்க் மன்னர் சார்லமேன் அரசவைக் காலத்திலேயே. ரோமாபுரி வெகுகாலம் தயங்கி 1014 அளவில்தான் அதைப் பூசையில் பாட ஒப்புக்கொண்டது. மன்னாரிலும் மயிலாப்பூரிலும் இன்று நாம் சொல்கிற அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஆயிரம் வருடத்து பிரெஞ்சு-கிரேக்க வழக்கு கிடக்கிறது.

அடுத்தது நீங்கள் கையில் வைத்திருந்த அப்பம். நமக்குப் புளிப்பில்லாத அப்பம், அவர்களுக்குப் புளித்தது. கேட்க அற்பமாக இருக்கும். சைப்ரஸில் இதற்காக உயிர் போயிருக்கிறது. கந்தாரா மலையில் இருந்த கிரேக்கத் துறவிகள் 13 பேர், புளிப்பில்லாத அப்பம் செல்லாது என்று ஒரு தொமினிக்கன் துறவியோடு வாதாடி நின்றார்கள். மூன்று வருடம் சிறை. 1231-இல் நிக்கோசியாவில் தீயிலிட்டார்கள். ஓர்த்தடாக்ஸ் சபை அவர்களை இன்றும் வேதசாட்சிகளாக மே 19 அன்று நினைவுகூர்கிறது. நீங்கள் வேலை செய்கிற ஊரில் நடந்தது இது.

இத்தனைக்கும் பிறகு அதே தீவில், அதே நூற்றாண்டில், பிரெஞ்சுப் பிரபுக்கள் கிரேக்க ஓவியனைக் கூப்பிட்டு மாதா படம் எழுதச் சொல்கிறார்கள். கோட்பாட்டில் இறங்கி வராதவர்கள் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள். எனக்கு இதில் மிகவும் மனதைத் தொடுவது அந்தப் பெண்தான். அவளுக்கும் "மகனிடமிருந்தும்" என்ற சொல் பாடம்தான். அவள் பக்கத்துச் சுவாமியாரும் புளிப்பில்லாத அப்பம்தான் தந்திருப்பார். ஆனாலும் தன் வீட்டாரை அந்தக் கிரேக்க மாதாவின் மேலங்கிக்குள்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

ரீம்ஸ்வாசி:

சேவியர் அண்ணன் சொன்னதோடு கட்டடத்தைச் சேர்க்கிறேன். நான் பிரான்சில் ரீம்ஸ் நகரில் இருக்கிறேன். அரசர்களுக்கு முடிசூட்டிய பேராலயம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், பத்து வருடமாகத் தினமும் கண்ணில் படுகிறது. இரண்டு வருடம் முன்பு சைப்ரஸின் வடபகுதியில் ஃபமகுஸ்தா போய் அங்கே புனித நிக்கோலாஸ் பேராலயத்தின் முன் சதுக்கத்தில் நின்றபோது கொஞ்ச நேரம் வாயடைத்துப் போய்விட்டேன். மூன்று வாசல், வாசலுக்கு மேலே கூர்முகடு, அதற்கு மேலே பெரிய சாளரம், இரு பக்கமும் கோபுரம். எங்கள் ஊர்ப் பேராலயத்தைக் கொஞ்சம் சிறிதாக்கித் தேன்நிறக் கல்லில் கட்டி, பக்கத்தில் ஈச்சை மரம் நட்ட மாதிரி. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை. லூசின்யான் அரசர்கள் நிக்கோசியாவில் சைப்ரஸ் மன்னராக முடிசூடிக்கொண்டு, இங்கே வந்து எருசலேம் மன்னராக இன்னொரு முடி சூடுவார்களாம், எருசலேம் கைவிட்டுப்போய் வெகுகாலம் ஆன பிறகும். 1571-இல் ஒட்டோமானியர் பிடித்ததிலிருந்து அது மசூதி. முன்னால் ஒரு கிழட்டு அத்தி மரம், அதன் நிழலில் உட்கார்ந்துதான் மேலே இருக்கிற கல்வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்ல வந்தது அதுவல்ல. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் கிரேக்கர்களின் புனித ஜார்ஜ் பேராலயம். இப்போது கூரையில்லாத இடிபாடு, 1571 முற்றுகையில் விழுந்த பீரங்கிக் குண்டுகளின் குழிகளைச் சுவரில் விரலை வைத்தே பார்க்கலாம். இதை 14-ஆம் நூற்றாண்டில் கட்டியவர்கள் ஓர்த்தடாக்ஸ் மக்கள், தங்கள் காசில், தங்கள் ஆயருக்கு. ஆனால் கட்டியிருப்பது பிரெஞ்சு கோத்திக் முறையில்! கூர்வளைவு, விலா வளைவு வைத்த கூரை எல்லாம் உண்டு. பக்கத்திலேயே அவர்களுடைய பழைய சின்னக் கோயில் நிற்கிறது, அந்த பைசாந்திய முறையில் இதையும் கட்டியிருக்கலாம். வேண்டுமென்றே பிரெஞ்சுக்காரன் கோயிலுக்கு இணையாகப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். பீடப் பக்கம் போனால் மட்டும் கதை மாறுகிறது. பிரெஞ்சுப் பேராலயம் மாதிரிப் பெரிய பெரிய சாளரம் வைத்துக் கோணம் கோணமாக முடியாமல், மூன்று அரைவட்ட மாடங்கள், படம் எழுதுவதற்கென்று விட்ட சுவர். சுண்ணாம்பில் இன்னும் ஓவியத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முகம் பாதி, ஒளிவட்டம் பாதி. மழையும் வெயிலும் நேரே விழுகிறது, நாம் இருக்கும்போதே போய்விடுமோ என்று வயிறு கலங்கியது.

அதனால் மாந்தைக்காரி கேட்ட பழகிக்கொள்ளும் வேலை சமமாக நடக்கவில்லை என்பது என் கருத்து. கல்வேலை பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து கிரேக்கருக்குப் போனது, ஓவியம் கிரேக்கப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரருக்கு வந்தது. பூசை செய்கிற இடத்தை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

நிக்கோசியாவிலேயே இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். பழைய நகரின் வடபக்கம் போகும் வாய்ப்பு வந்தால் செலிமியே மசூதியைப் பாருங்கள், அது பழைய புனித சோஃபியா பேராலயம், 1209-இல் தொடங்கி 1326-இல் அபிஷேகமானது. அதை ஒட்டியே பெதெஸ்தென் என்ற கட்டடம் நிற்கும், கிரேக்கர்களின் கோயிலாக இருந்தது. அதன் வடக்கு வாசலில் பக்கத்துப் பேராலயத்தின் வாசல் வேலைப்பாட்டை அப்படியே பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

தேவா_67:

எல்லாம் சரி, ஆனால் ஒருவரிடமிருந்து ஒருவர் பழகிக்கொண்டார்கள் என்ற பேச்சு எனக்கு உறுத்துகிறது. ஆண்டவனும் அடிமைப்பட்டவனும் கொடுத்து வாங்குவது கடைத்தெருவில் இரண்டு வியாபாரிகள் கொடுத்து வாங்குவது போலாகுமா? தீவில் கிரேக்க ஆயர்கள் 14 பேர் இருந்தார்கள், 1222 உடன்பாட்டில் 4 என்று குறைத்தார்கள். அந்த நாலு பேரையும் பெரிய நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பி இலத்தீன் ஆயருக்குக் கீழே வைத்தார்கள். 1260-இல் போப் நாலாம் அலெக்சாந்தரின் ஆணை அதை உறுதிப்படுத்தியது. கிராமத்துக் கிரேக்கர்களில் பெரும்பகுதி பிரபுவின் நிலத்தோடு கட்டப்பட்ட குடியானவர்கள். மலைக்கோயில்கள் இவ்வளவு அழகாக மிஞ்சியதே, நகரத்திலிருந்து தள்ளப்பட்ட மக்கள் தங்கள் வழிபாட்டை மலைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டதால்தான் என்பது என் எண்ணம்.

15-ஆம் நூற்றாண்டில் லியோந்தியோஸ் மகைராஸ் என்ற சைப்ரஸ்காரர், லூசின்யான் அரசவையில் வேலை பார்த்தவர், கிரேக்கத்தில் ஒரு வரலாறு எழுதினார். பிரெஞ்சுக்காரர் வந்தபின் மக்கள் பிரெஞ்சு படிக்கத் தொடங்கினார்கள், கிரேக்கம் சிதைந்துபோனது, இப்போது நாங்கள் எழுதுவது என்ன மொழி என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று வருந்துகிறார். தன் மொழி கண்ணெதிரே உருமாறுவதைப் பார்த்தவனின் வலி அது. நமக்குப் புரியும்.

மாந்தைக்காரி:

தேவா அண்ணா, அந்த மொழி விஷயம் நெஞ்சில் தைத்துவிட்டது. நன்றி. எல்லோரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சுரூபம் பற்றி இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே?

வண்ணக்குழம்பு:

சுரூபம் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், நான் படத்துக்கு வருகிறேன். மரப்பலகையில் திருப்படம் எழுதும் வேலையை ஆறு வருடமாகக் கற்றுக்கொள்கிறேன். கிரேக்கத்தில் எழுதுவதற்கும் வரைவதற்கும் ஒரே வினைச்சொல்தான். "ஓவியம் எழுதுதல்" என்று சொல்லும் நமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

நிக்கோசியாவில் பேராயர் இல்லத்தை ஒட்டிய பைசாந்திய அருங்காட்சியகம் உங்களுக்கு அருகில்தான். அக்கா, லீவு நாளில் கட்டாயம் போங்கள். இரண்டு பலகைகளுக்கு முன்னால் மட்டும் நில்லுங்கள். ஒன்று, கக்கோபெத்ரியா கிராமத்தின் கூரைக்கோயிலிலிருந்து வந்த புனித நிக்கோலாஸ். 13-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, இரண்டு மீட்டர் உயரம். நடுவில் புனிதர், இரு ஓரமும் அவர் வாழ்க்கைக் காட்சிகள். காலடியில் சங்கிலிக் கவசம் போட்ட ஒரு ஃபிராங்க் வீரன், மனைவி, மகள். அவனுடைய குதிரையையும் எழுதியிருப்பார்கள்! கிரேக்க மலைக்கிராமத்துக் கோயிலில் வைக்க, ஒரு பிரெஞ்சு வீரன் காசு கொடுத்து, கிரேக்க முறையில் எழுதிய பலகை. இன்னொன்று கர்மேல் சபைத் துறவிகளின் மாதா, 1300-ஐ ஒட்டியது. சிம்மாசனத்தில் மாதா, அங்கி விரித்த ஓரத்தில் வெள்ளை மேலாடைத் துறவிகள் கூட்டமாக ஒண்டியிருக்கிறார்கள். வாசகங்கள் இலத்தீனில். முகத்தைப் பாருங்கள், பச்சை கலந்த மண்நிறத்தை அடியில் போட்டு மேலே ஒவ்வொரு அடுக்காக வெளிச்சம் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அது கிரேக்கப் பட்டறையில் வாங்கிய பயிற்சி, வேறு எங்கும் அப்படி வராது.

அந்தக் காலத்துச் சைப்ரஸ் பலகைகளில் நான் ரொம்பவும் விரும்புவது பின்னணி வேலை. நம் தஞ்சாவூர்ப் படத்தில் சுண்ணாம்புக் கலவையை மேடாக வைத்துத் தங்கரேக் ஒட்டுவோமே, கிட்டத்தட்ட அதேதான். சுண்ணப்பசையில் கொடி, பூ, கட்டம் என்று புடைப்பாக எழுப்பி, மேலே வெள்ளித்தாள் ஒட்டி, மஞ்சள் மெருகெண்ணெய் பூசித் தங்கமாகக் காட்டுவார்கள். விலை உயர்ந்த படத்துக்கு உலோகத் தகட்டில் கவசம் அடிப்பார்கள் இல்லையா, அதற்கு வசதியில்லாதவர்கள் கண்டுபிடித்த வழி. கிரேக்கருக்கு எழுதிய படத்திலும் இருக்கும், இலத்தீன்காரருக்கு எழுதியதிலும் இருக்கும்.

இனி உங்கள் பெண்மணி. அவள் கிரேக்கப் பெண் இல்லை என்று உடுப்பை மறைத்துக் காட்டினாலும் கையை வைத்தே சொல்லலாம். கிரேக்கப் படங்களில் வேண்டுகிறவர்கள் இரு கையையும் விரித்து முன்னால் நீட்டுவார்கள், தருவதையோ பெறுவதையோ போல. இரண்டு உள்ளங்கையையும் ஒட்டிக் கூப்புவது மேற்கிலிருந்து வந்தது. பிரபுவுக்கு முன்னால் முழந்தாளிட்டு, கூப்பிய கையை அவன் கைக்குள் வைத்து "நான் உன் ஆள்" என்று சத்தியம் செய்கிற பிரெஞ்சு வழக்கம் ஒன்று உண்டு, அதுவே பிறகு ஜெபத்துக்கும் வந்தது. நமக்குக் கைகூப்பு இயல்பு என்பதால் கண்ணில் படாது. அந்தக் காலத்துக் கிரேக்கனுக்கு அந்தக் கையைப் பார்த்ததுமே வேற்றாள் என்று தெரிந்திருக்கும். ஓவியன் அவளைக் கிரேக்கத்தியாக மாற்றாமல் அவள் கும்பிடுகிற மாதிரியே எழுதினானே, அதைத்தான் நான் மரியாதை என்பேன். தேவா சொன்ன ஆண்டான் அடிமைக் கணக்கு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கூலிக்கு எழுதுகிறவன் இவ்வளவு பொறுமையாக அந்தக் கையை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆணியையும் பாருங்கள். கிரேக்கச் சிலுவைப் படத்தில் இயேசுவின் பாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நாலு ஆணி. 13-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பக்கம் ஒரு பாதத்தின் மேல் இன்னொன்றை வைத்து ஒரே ஆணி அடித்து மூன்றாக்கினார்கள். சினாய் மலை புனித கத்தரீன் மடத்தில், முகம் உடல் எல்லாம் கிரேக்க முறையில் இருந்தும் மூன்று ஆணி அடித்த படம் உண்டு. அதை எழுதியவன் எந்த ஊர்க்காரன் என்பதில் இன்றும் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போவதில்லை.

உபதேசியார்_மகன்:

சுரூபம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிரேக்கச் சபையில் சுரூபத்தைத் தடைசெய்து ஒரு பெரிய சட்டம் இருப்பதாக நினைக்க வேண்டாம், உருண்டு திரண்ட சிலையை வழிபாட்டில் வைக்கும் பழக்கம் அங்கே வளரவில்லை. படமே போராடிப் பெற்றதுதான். 8-ஆம் நூற்றாண்டில் பேரரசர்களே திருப்படங்களை அழிக்க உத்தரவிட்டார்கள். ஒரே கடவுளை வணங்குகிறவன் பலகையை முத்தமிடலாமா என்பதுதான் கேள்வி. 787-இல் நிசேயாவில் கூடிய சங்கம் பதில் சொன்னது. நம் மறைக்கல்வியில் சொல்லித்தருவார்களே, ஆராதனை கடவுள் ஒருவருக்கே, புனிதர்களுக்கும் படங்களுக்கும் வணக்கம் என்று, அது அந்தச் சங்கம் சொன்னதுதான். படத்துக்குத் தரும் வணக்கம் படத்தில் உள்ளவரைப் போய்ச் சேரும்.

இங்கேயும் பிரெஞ்சுப் பக்கம் ஒரு சோதனை. சங்கத்தின் கிரேக்கத் தீர்மானம் மோசமான இலத்தீன் மொழிபெயர்ப்பில் சார்லமேன் கைக்கு வந்தது. வணக்கத்துக்கும் ஆராதனைக்கும் இருந்த வேறுபாடு அதில் அழிந்துபோயிருந்தது. நம் மொழியில் சொன்னால், "படங்களுக்கு வணக்கம்" என்பதை யாரோ "படங்களுக்கு ஆராதனை" என்று பெயர்த்துவிட்ட மாதிரி. படித்தவர்கள் கொதித்துப்போய்ப் பெரிய மறுப்பே எழுதினார்கள். அதை எழுதியவர் தியோதுல்ஃப், பிறகு ஓர்லியோன் நகரின் ஆயரானவர். அதே தியோதுல்ஃப் 806-இல் ஜெர்மின்யி-தெ-ப்ரே என்ற ஊரில் தனக்கென்று ஒரு கோயில் கட்டினார். பீடத்துக்கு மேலே தங்கப் பின்னணியில், கிரேக்கர் முறையிலான கண்ணாடித் துண்டுப் படம்! ஆனால் அதில் இயேசுவும் இல்லை, மாதாவும் இல்லை. உடன்படிக்கைப் பேழையும் அதைச் சுற்றி வானதூதர்களும் மட்டும். கடவுள் தாமே செய்யச் சொன்ன உருவங்கள் என்று விவிலியத்தில் இருப்பவற்றை மட்டும் வைத்தார். கிரேக்கரின் தீர்மானத்தை அவர் ஏற்கவில்லை, அவர்கள் கைத்தொழிலை விடவும் மனம் வரவில்லை. அந்தப் படம் இன்றும் இருக்கிறது, பிரான்சில் இருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம்.

ரீம்ஸ்வாசி:

ஓர்லியோன் இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணம், இத்தனை வருடத்தில் இதைக் கேள்விப்படவே இல்லை. இந்த மாதமே போகிறேன்.

சாந்தோம்_சேவியர்:

தேவா சொன்னதற்கு ஒரு வார்த்தை. நீங்கள் எடுத்துவைத்த கணக்கு முழுக்கச் சரி, அதை மறந்துவிட்டு இந்தப் படங்களை ரசிக்கக்கூடாது. ஆனால் காலம் போகப் போகத் தராசு சாய்ந்ததையும் பாருங்கள். 1200-களில் கிரேக்கத் துறவிகளை எரித்த அரசின் வாரிசான இரண்டாம் ஜான் 1442-இல் கட்டிய மனைவி ஹெலெனா பாலயோலோகினா, கிரேக்கப் பேரரசர் குடும்பத்துப் பெண், கடைசிவரை ஓர்த்தடாக்ஸ். கான்ஸ்டான்டினோபிள் 1453-இல் விழுந்தபோது ஓடிவந்த துறவிகளுக்கு நிக்கோசியாவில் மடம் கொடுத்தார். போர்த்தொடுத்து வந்தவர்களின் அரண்மனைக்குள் கிரேக்க ஜெபம் போய்விட்டது. மகைராஸே பிரெஞ்சு அரசர்களைப் பற்றித்தான் எழுதினார், ஆனால் கிரேக்கத்தில் எழுதினார்.

மாந்தைக்காரி, முடிந்தால் பிர்கா என்ற கிராமத்துக்குப் போய்விட்டு வந்து எழுதுங்கள். என்ன இருக்கிறது என்று நான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மாந்தைக்காரி:

போய்விட்டு வந்தேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், அம்மாவுக்கு இடையில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, இப்போது நல்ல சுகம்.

பிர்கா லார்னகா போகிற பக்கம், ஸ்தவ்ரோவூனி சிலுவை மலைக்குக் கிட்ட. கோயில் எங்கள் ஊர்க் குருசடியைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஒரே அறை, மேலே வளைந்த கூரை. புனித கத்தரீன் பெயரில் இருந்தாலும் எல்லோரும் அரச சிற்றாலயம் என்றே சொல்கிறார்கள். கிழக்குச் சுவரில் இயேசு சிலுவையில். காலடியில் இரண்டு சின்ன உருவங்கள், தலையில் முடி. மன்னர் ஜானுஸ், அரசி ஷார்லோத் தெ பூர்போன் என்று அம்மாவின் மகன் தன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னார். 1421. இரண்டு பேரும் கையைக் கூப்பியிருக்கிறார்கள், வண்ணக்குழம்பு சொன்ன மாதிரியே. முதலில் கையைத்தான் தேடினேன்.

படங்கள் எல்லாம் அசினுவில் பார்த்த அதே முறைதான், அதே கண், அதே மடிப்பு. அம்மா வழக்கம்போல ஒவ்வொன்றையும் பார்த்து, இது லாசரு, இது இராப்போசனம் என்று அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தார். படம் தெரிகிறது, மேலே உள்ள எழுத்து மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கடைசியில் மகன்தான், அம்மா அது நம் எழுத்து இல்லை, பிரெஞ்சு என்றார். கிரேக்கப் படத்துக்கு மேலே பிரெஞ்சில் பெயர் எழுதியிருக்கிறார்கள்! எனக்கு இரண்டும் வாசிக்கத் தெரியாது, இருந்தும் அங்கே நின்ற மூன்று பேருக்கும் எது என்ன படம் என்று தெரிந்திருந்தது.

அம்மா ராசா ராணி பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "ஃபிராங்கி" என்று மறுபடி சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அந்த ராணி எத்தனை வயதில் செத்தாள் என்று மகனிடம் கேட்டார். படம் எழுதிய அடுத்த வருடமே கொள்ளைநோயில் போய்விட்டாள் என்று அவர் வாசித்துச் சொன்னதும், அம்மா சிலுவை அடையாளம் போட்டார். அவர்கள் வழக்கப்படி வலது தோளிலிருந்து இடது தோளுக்கு. நானும் போட்டேன், எங்கள் வழக்கப்படி இடமிருந்து வலம். பிறகு வெளியே வந்து கார் நிழலில் உட்கார்ந்து கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டோம்.